கணக்கில் வராத நாற்பத்துநான்கு தொன்

சலோரா என்று ஒரு நாடு இருக்கிறது என்று சொன்னால் லண்டனில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மூன்று தீவு, ஒரு துறைமுகம், விற்பதற்குக் கறுவாப் பட்டையும் மிளகும். ஆனால் அதற்கும் லண்டனில் ஒரு வர்த்தக அலுவலகம் உண்டு, ஹோல்போர்னில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில். கீழே பல்லைத் துளைக்கிற சத்தம் கேட்கக் கேட்க, மேலே ஒரு நாட்டின் ஏற்றுமதியும் இறக்குமதியும் எழுதப்படும். எழுதுவது இரண்டே பேர். ஒருத்தி மரினா, சலோராக்காரி, அதிகாரி. மற்றவள் தாரகா, வால்தம்ஸ்டோவிலிருந்து தினமும் ரயிலேறி வருகிற நம்முடைய பிள்ளை.

ஜனவரி வந்தால் இருவருக்கும் தூக்கம் போய்விடும். பதினாறாம் தேதிக்குள் வருட அறிக்கை தீவுக்குப் போய்ச் சேரவேண்டும். இறக்குமதியை எண்ணுவது சுகம். வாங்கின அரிசியும் டீசலும் துறைமுகத்தில் கண்முன்னே கிடக்கும். ஏற்றுமதிதான் சீவனை எடுக்கும். மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு கப்பல் மிளகை நடுவழியில் வேறு நாட்டுக்குத் திருப்பிவிட்டு மாயமாகிவிட்டான். சூடுகண்ட பூனையாகிப்போன சலோராவின் வர்த்தக அமைச்சு அன்றைக்கே ஒரு விதி போட்டது. வாங்கியவர் கொள்கலனைத் திறந்து பார்த்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வைத்தால்தான் அது ஏற்றுமதி. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கையெழுத்து இல்லையென்றால் ஏன் இல்லை என்று காரணம் எழுதவேண்டும். காரணம் இல்லையென்றால் வாங்கியவரின் பெயரை எழுதவேண்டும். பெயர் போனால் அந்த ஆளுக்குச் சலோராவிலிருந்து ஒரு மிளகு மணிகூட வராது.

முடிந்த வருடத்தில் பிரித்தானியாவுக்குக் கப்பலேறியது முந்நூற்றுப் பன்னிரண்டு தொன். கையெழுத்து வந்தது இருநூற்று அறுபத்தெட்டுக்கு. நாற்பத்துநான்கு தொன் எங்கே?

அது வாமதேவனுடைய சரக்கு. அவரைக் கொண்டுவந்தவள் தாரகா. இல்ஃபோர்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற மனிதர், பாரிஸில் பத்து வருடம் பாத்திரம் கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர். மற்றவர்களிடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவரை, “நீங்களே நேரா இறக்குங்கோவன் அங்கிள்” என்று பிடித்து இழுத்தவள் இவள்தான். அவருடைய புதுக் கம்பனிக்கு அமைச்சிடம் பரிந்துரை எழுதியதும் இவள்தான். அந்தக் கம்பனியின் முதல் சரக்கு, இரண்டு கொள்கலன் கறுவா, டிசம்பர் பத்தொன்பதாம் தேதி கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு பேச்சுமூச்சில்லை. சரக்கு களவு போயிருந்தால் அவருடைய பெயரோடு இவளுடைய வேலையும் போகும்.

ஜனவரி ஏழாம் தேதி தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், ரெண்டு கொன்ரெய்னரும் உங்களிட்டைத்தானே கிடக்கு?”

“ஓம் பிள்ளை, பத்திரமாக் கிடக்கு.”

“அப்ப திறந்து பாத்து, அந்தப் போர்மிலை சைன் வைச்சு அனுப்புங்கோவன்.”

“இப்ப ஏலாது பிள்ளை. தை பிறக்கட்டும்.”

“ஏன் அங்கிள், ஏதும் பிரச்சினையோ?”

“ஒரு பிரச்சினையும் இல்லை. தை பிறந்தா வழி பிறக்கும் எண்டு சும்மாவே சொல்லிவைச்சவை?” என்று சிரித்தார் அவர். சிரித்துக்கொண்டே வைத்தும்விட்டார்.

கையெழுத்துக் கேட்டால் பழமொழி சொல்கிற மனிதரை என்னவென்று நம்புவது? தாரகா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திறக்காத கொள்கலனுக்கு நாள்வாடகை ஏறிக்கொண்டே போகும். காசு கொடுத்து யாராவது சரக்கைச் சும்மா பூட்டி வைப்பார்களா? உள்ளே சரக்கு இருந்தால்தானே திறப்பதற்கு! நெருப்பில்லாமல் புகையாது என்று அவளுக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது.

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் இல்ஃபோர்டுக்குப் போனாள். கடை வாசலில் கால் வைக்கும்போதே உள்ளே அவர் யாருடனோ தொலைபேசியில் கதைப்பது கேட்டது.

“ஓமோம், வியாழக்கிழமை காலமை. ஆருக்கும் மூச்சு விடக்குடாது, விளங்கினதே? முக்கியமா அந்தக் கந்தோர்ப் பிள்ளைக்கு.”

கந்தோர் என்றால் அலுவலகம், அந்தக் கந்தோர்ப் பிள்ளை அவளேதான். அவளைக் கண்டதும் மனிதர் தொலைபேசியைச் சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டார். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! களவாக லட்டுத் தின்று பிடிபட்டவர்கூட அப்படி முழிக்கமாட்டார்.

“அட, வாரும் பிள்ளை! என்ன இந்தப் பக்கம்?”

“சும்மாதான் அங்கிள். கொன்ரெய்னரை ஒருக்காப் பாக்கலாமோ?”

“இப்ப வேண்டாம். வியாழக்கிழமை நானே கூப்பிடுறன். இரும், தேத்தண்ணி குடியும்.”

அவர் தேநீர் போட உள்ளே போன நேரம், கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய கோயில் கலண்டரில் தாரகாவின் கண் விழுந்தது. பதினைந்தாம் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், ‘10.20 – 11.10, தாரகா’.

அவள் இரண்டாம் முறையும் வாசித்தாள். இவளுடைய பெயர் ஏன் அங்கே? களவில் இவளுக்கும் பங்கு என்று காட்டத் திட்டமா? இந்த யோசனையோடு நிற்கும்போதே வாமதேவனின் மனைவி சுசிலா உள்ளிருந்து வந்தார். வந்தவர் இவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“பிள்ளை, உமக்கு மாம்பழ மஞ்சள் எடுப்பாயிருக்குமோ, மயில் நீலமோ?”

“என்னத்துக்கு அன்ரி?”

“ஒண்டுமில்லை, சும்மா கேட்டனான்.” அவரும் சிரித்தார். அந்த வீட்டில் எல்லோருமே சிரிக்கிறார்கள்!

சும்மாவாம். சேலை கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறார்களா? அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறவளுக்குப் பரிசு கொடுப்பதற்கு வேறு என்ன பெயர்? லஞ்சம்தான். தேநீரைக் குடிக்காமலே ரயிலேறிய தாரகாவுக்கு வழியெல்லாம் வயிற்றெரிச்சல். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்திருந்தாள். அழுகை வேறு வந்து தொலைத்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது. ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மரினா மேசைக்கு வந்து நின்றாள். “அதற்கு முந்தின வருடம் இருநூற்றுத் தொண்ணூறு. இந்த நாற்பத்துநான்கு சேர்ந்தால் ஏழு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நாங்கள் ஏறியிருக்கிறோம். சேராவிட்டால் விழுந்துவிட்டோம். காரணம் எழுது, இல்லையென்றால் பெயர் எழுது.”

“காரணம் தெரியவில்லை.”

“அவர் உன் ஊர்க்காரர்தானே? கேட்டாயா?”

“கேட்டேன். பழமொழி சொன்னார்.”

மரினா தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். தாரகா பெயரை எழுதினாள். ‘சரக்கு கைமாறியிருக்கலாம் என்று சந்தேகம். நேரில் பார்க்கக் கேட்டும் காட்டவில்லை. பரிந்துரையை மீளப் பெறுகிறேன்.’ மின்னஞ்சல் பிற்பகல் மூன்று மணிக்குப் போனது. புதன்கிழமை காலையில் தீவிலிருந்து பதில் வந்துவிட்டது. கறுவா பழுதாகிற சாமானா, நான்கு நாள் பொறுத்தால் குடியா முழுகிவிடும்? ஆனால் சந்தேகத்துக்கு மட்டும் அமைச்சில் அப்படி ஒரு வேகம். வாமதேவனின் பெயர் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது, போய்ச் சரக்கைத் தேடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலையே வாமதேவன் அழைத்தார். “பிள்ளை, நாளைக்குப் பத்து மணிக்கு பார்க்கிங் ஸ்டோருக்கு வாரும். உமக்கு ஒரு சாமான் இருக்கு.”

“என்ரை மேலதிகாரியும் வருவா,” என்றாள் தாரகா விறைப்பாக.

“அதுக்கென்ன, நல்லது! கூட்டிக்கொண்டு வாரும்.”

வியாழக்கிழமை காலை குளிர் முகத்தில் அறைந்தது. பார்க்கிங் என்பது இல்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊர், அங்கே ஒரு பழைய டயர்க்கடைக்குப் பின்னால் அவருடைய ஸ்டோர், சரக்கு வைக்கிற கொட்டகை. முற்றத்துச் சீமெந்தில் கோலம் போட்டிருந்தது. காஸ் அடுப்பில் பொங்கல் பானை ஏறியிருந்தது, காற்று நெருப்பை அணைக்காமலிருக்க சுசிலா ஒரு தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய காலடியில் ஒரு கடைப்பை, அதற்குள்ளிருந்து மாம்பழ மஞ்சள் எட்டிப்பார்த்தது. பின்னால் இரண்டு கொள்கலன்கள், கதவுக்கு மாலை, நெற்றிக்குச் சந்தனம். சலோராத் துறைமுகத்தில் பூட்டிய முத்திரைகள் இரண்டும் அப்படியே தொங்கின. மரினா தன் தாளை எடுத்து எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒன்று பொருந்தியது. மற்றதும் பொருந்தியது.

“யாரும் தொடவே இல்லையே,” என்றாள் மரினா. “பின்னே ஏன் திறக்கவில்லை?”

வாமதேவன் பட்டுவேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தார். “கப்பல் டிசம்பர் பத்தாந் தேதி வந்திருக்க வேணும், மிஸ். புயலாலை பிந்தி மார்கழிக்குள்ளை வந்திட்டுது. புதுக் கம்பனி, முதல் சரக்கு. மார்கழியிலை நாங்கள் புதுசா ஒண்டும் தொடங்கிறேல்லை. முதல் கையெழுத்தும் வைக்கிறேல்லை. இண்டைக்குத்தான் தை முதலாந் திகதி.” பிறகு தாரகாவிடம் திரும்பினார். “நான் உமக்குச் சொன்னனான்தானே பிள்ளை, தை பிறக்கட்டும் எண்டு?”

சொன்னார்தான். ஆனால் தாரகா ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை. தாய் பிலோமினம்மா வீட்டில் டிசம்பர் என்றால் நத்தார், பாலன் குடில், நள்ளிரவுப் பூசை. வருடத்திலேயே நல்ல மாதம் அதுதான். அதே மாதத்தில் இன்னொரு தமிழ்வீடு கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? தமிழ்ப் பிள்ளைக்குத் தை என்றால் விளங்காதா என்று அவர் நினைத்தார். விளங்காத பிள்ளை இவள்.

சுசிலா ஒரு தட்டத்தை நீட்டினார். வெற்றிலை, பழம், நடுவில் குங்குமப் பொட்டு வைத்த பெரிய இரும்புக் கத்தரி, முத்திரை வெட்டுகிறது.

“நீர்தான் வெட்டோணும்,” என்றார் வாமதேவன். “இந்த யாவாரத்தை எனக்குக் காட்டினது நீர். முன்னமே சொன்னா வரமாட்டன் எண்டு வெக்கப்படுவீர். அதாலைதான் மூச்சு விடேல்லை. பத்து இருபதிலிருந்து பதினொண்டு பத்து வரைக்கும் நல்ல நேரம்.”

தாரகா கத்தரியை எடுத்தாள். கலண்டரில் இருந்த பெயர் இதற்குத்தானா! கடவுளே, என்ன காரியம் செய்துவிட்டேன்.

மரினா நடைமுறைக்காரி. படிவத்தை எடுத்து நீட்டினாள். “நல்லது, எல்லாம் சரி. கையெழுத்து வையுங்கள். தேதி மட்டும் டிசம்பர் முப்பது என்று போடுங்கள். போன வருடக் கணக்கில் சேர்ந்துவிடும், நாற்பத்துநான்கும் காணாமற்போகாது, பட்டியலிலிருந்து உங்கள் பெயரையும் இன்றைக்கே எடுத்துவிடலாம்.”

“டிசம்பர் முப்பது நான் இதைத் திறக்கேல்லையே, மிஸ்.”

“ஒரு தேதிதானே!”

“முதல் கையெழுத்து. அதைப் பொய்யிலை வைக்கச் சொல்லுறியளோ? ஏலாது.” பிறகுதான் அவருக்கு உறைத்தது. “அதென்ன பட்டியல்?”

மரினா தாரகாவைப் பார்த்தாள். தாரகா சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தடைப்பட்டியல் என்றாள். களவு என்று சந்தேகம் என்றாள். டிசம்பர் கையெழுத்து இல்லாமல், போட்ட பெயரை எடுக்க அமைச்சுக் குழு கூடவேண்டும், அது அடுத்த ஜனவரியில்தான் கூடும் என்றாள்.

“ஆர் பிள்ளை எழுதினது?”

“நான்தான், அங்கிள்.”

பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சுசிலா தகரத்தைக் கீழே வைத்தார். கடைப்பையை எடுத்துக்கொண்டுபோய் வேனுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்.

“எங்கடை கடைக்கு வந்தனீர்,” என்றார் வாமதேவன் மெதுவாக. “என்ரை முகத்துக்கு நேரை நிண்டு, அங்கிள் நீங்கள் கள்ளனோ எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிரிச்சுப்போட்டுச் சொல்லியிருப்பன்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். நான் திருப்பி எழுதுறன். அமைச்சருக்கே எழுதுறன்.” தாரகா கத்தரியை அவரிடம் நீட்டினாள். “இதை நீங்களே வெட்டுங்கோ. எனக்கு ஏலாது.”

அவர் வாங்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

“உம்மடை பேரைச் சொல்லித்தான் நேரம் பாத்தது. மாத்தேலாது. வெட்டும்.”

முதல்முறை இரும்பு வழுக்கியது. ஒருவரும் உதவிக்கு வரவில்லை. இரண்டாம் முறை முழுப்பலத்தையும் போட்டு அழுத்தினாள், முத்திரை அறுந்து சீமெந்தில் விழுந்தது. மற்றதையும் வெட்டினாள். கதவுகளைத் திறந்ததும் கறுவா வாசம் முற்றமெல்லாம் பரவியது. மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியபடி, ஒன்றும் குறையாமல் இருந்தன.

வாமதேவன் படிவத்தைக் கொள்கலன் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நிறுத்தி நிதானமாக ஜனவரி பதினைந்து என்று எழுதினார்.

“இந்த வருசக் கணக்கிலை சேருங்கோ,” என்று நீட்டினார். “என்ரை பேர் பட்டியலிலை கிடந்தாலும் சரக்கு சரக்குத்தானே.”

தாரகா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மரினா தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சுசிலா பொங்கலை வாழையிலைத் துண்டுகளில் போட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

“வந்தனீங்கள், வெறுவயித்தோடை போகக்குடாது,” என்றார் வாமதேவன். முதல் இலையை எடுத்துத் தாரகாவிடம் கொடுத்தார். “சாப்பிட்டிட்டுப் போங்கோ, மிஸ்.”