கீழ் போல்ட்டும் மேல் போல்ட்டும்

சம்பந்தி வீட்டு வாசலில் கியர் கரகரக்கக் கூடாது. மூத்தவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் மகளும் மருமகனும் சம்பந்தி வீட்டிலிருந்து தனி வீட்டுக்குக் குடிபோகிறார்கள். "வாடகை வண்டி சொல்லிடட்டுமா?" என்று சம்பந்தி போனில் கேட்டபோது, "எங்க பிக்கப் இருக்கும்போது வாடகை வண்டி எதுக்கு?" என்று இவர் சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான். ஆனால் அந்த வண்டி இரண்டாம் கியரில் விழும்போதெல்லாம் தகரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். சம்பந்தி வீட்டுத் தெருவோ முழத்துக்கு ஒரு திருப்பம். ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீளும். பெண் வீட்டார் ஓட்டை வண்டியோடு வந்து நின்றார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் யார் போய் ஊர் வாயை அடைப்பது?

கியர் பெட்டி எண்ணெய் செத்திருக்கும், மாற்றினால் சத்தம் போய்விடும் என்று அவராகவே முடிவு கட்டினார். பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. பட்டறை மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. மகள் கல்யாணத்தன்று சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போதே, "எங்க அத்தானுக்கு கிளட்ச்தான் கால்மணை, வச்ச கால எடுக்கவே மாட்டாரு" என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவன். இரண்டு வருடமாக மூத்தவர் அவன் படியை மிதிப்பதில்லை.

மதியம் சாப்பிட்டதும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். கோணியை விரித்து அடியில் புகுந்தார். அறுபத்தி மூன்று வயது முதுகு சிமெண்ட் தரையில் ஒவ்வொரு எலும்பையும் எண்ணிக் காட்டியது. கியர் பெட்டியின் அடிப்பக்கத்து போல்ட்டைக் கழற்றினார். தார் மாதிரி கறுத்த எண்ணெய் தட்டில் கொட்டி, பாதி முழங்கையில் வழிந்தது. போல்ட் நுனிக் காந்தத்தில் இரும்புத் தூள் சாம்பல் நிறக் களிம்பாக அப்பியிருந்தது. அதைத் துடைத்தார். புது வாஷர் போட்டு மறுபடி இறுக்கினார். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

இனி பக்கவாட்டில் இருக்கும் மேல் போல்ட்டைத் திறந்து, அந்த வழியாகப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். ஸ்பேனர் சாவியை மாட்டி இழுத்தார். அசையவில்லை. சுத்தியலால் தட்டி இழுத்தார். சாவி வழுக்கி, விரல் முட்டி சேஸிஸில் போய் மோதியது. மூன்றாவது தடவை போல்ட்டின் மூலைகள் மழுங்கி, அது உருண்டைக் குண்டு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. ஊற்றவும் வழியில்லை. எண்ணெய் இல்லாமல் பட்டறை வரைக்கும் ஓட்டினால் கியர் பற்கள் பொடியாகிவிடும். மேல் போல்ட் கழலுமா என்று பார்க்காமல் கீழ் போல்ட்டில் கை வைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்!

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நாலரை ஆச்சு. நான் வேணா தம்பியக் கூப்பிடவா? ஓடி வந்துடுவான்."

"நீ கூப்பிட்டா நான் ஏவி விட்டேன்னு ஆகும். வேண்டாம்."

"அப்ப நாளைக்கு பீரோவ முதுகுல தூக்கிட்டுப் போங்க."

அவள் போய்விட்டாள். அவர் அப்படியே மல்லாந்து கிடந்தார். எழுந்திருக்கத் தெம்பில்லை. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. ஒரு பக்கம் சம்பந்தியிடம் கொடுத்த வாக்கு, இன்னொரு பக்கம் இரண்டு வருட ரோஷம். இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. ரோஷம் தனக்கு மட்டும் சொந்தம், வாக்கோ வீட்டுக்கே சொந்தம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நான்தான் பேசுறேன்."

"எந்த நான்?"

"உங்கக்கா புருஷன்."

"சொல்லுங்க அத்தான்" என்றான் மைத்துனன்.

அரை மணியில் வந்தான். தலை நரைத்திருந்தது. அதை மனைவி தன்னிடம் சொல்லவில்லையே என்று மூத்தவர் நினைத்தார். பிறகு, தான் கேட்டால்தானே சொல்லுவாள் என்றும் நினைத்துக்கொண்டார். அவன் டார்ச் அடித்து மேல் போல்ட்டைப் பார்த்தான்.

"எத முதல்ல கழட்டினீங்க?"

எண்ணெய் தானாக ஒழுகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. பொய் சொல்லித்தான் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமா?

"கீழ் போல்ட்ட."

மைத்துனன் உதட்டைக் கடித்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சுடு மச்சான். அடக்கினா உனக்கு விக்கல் வரும்."

சிரித்தான், வயிறு வலிக்கச் சிரித்தான். மூத்தவரும் வேறு வழியில்லாமல் ஒரு ஓரமாகச் சிரித்துவைத்தார். பிறகு அவன் வண்டிக்குள் ஏறி, கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பரை உரித்து, நான்கு போல்ட்டைக் கழற்றிக் கம்பியையே மேலே உருவி எடுத்தான். அடியில் கியர் பெட்டி வாயைத் திறந்துகொண்டு தெரிந்தது.

"இது வழியா ஊத்தலாம். ஆனா அளவு முக்கியம். பக்கத்துல ஓட்டை திறந்திருந்தா வழியறத வச்சு நிறைஞ்சது தெரியும். இப்ப தெரியாது. புத்தகத்துல எவ்வளவு போட்டிருக்கு?"

"ரெண்டேகால் லிட்டர்."

மைத்துனன் புனலைப் பிடிக்க, மூத்தவர் அளவுக் குவளையால் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கம்பியைப் பொருத்தியதும் இருவரும் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் கியர் போட்டார். கர்ர்ர். அதே சத்தம். ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

"தட்டுல பார்த்தேன் அத்தான். எண்ணெயில பித்தளைத் தூள் மினுக்குது. உள்ள கியர சத்தமில்லாம சேர்க்கிற பித்தளை வளையம் தேஞ்சிருக்கு. பெட்டியப் பிரிச்சுதான் மாத்தணும். ஒரு வாரம் ஆகும். நீங்க எண்ணெய மாத்தாம இருந்தாலும் நாளைக்கு வண்டி இதே மாதிரி ஓடியிருக்கும்."

மூத்தவர் வண்டியை ஓரம் கட்டினார். மதியத்திலிருந்து பட்ட பாடு இதற்குத்தானா? ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் ஓட்டுறேன். எனக்கு சத்தம் வராம போடத் தெரியும்" என்றான் மைத்துனன்.

"வேண்டாம். எங்க வண்டிய நான்தான் கொண்டுபோகணும். நீ பக்கத்துல உக்காரு. மாமன்காரன் வராம குடிபோறதா?"

பிறகு அங்கேயே சம்பந்திக்குப் போன் போட்டார். அவர்களாகக் கேட்டு முகம் சுளிப்பதைவிடத் தானே முந்திக்கொள்வது மரியாதை.

"சம்பந்தி, காலைல வந்துடுறோம். ஒண்ணு சொல்லணும். எங்க வண்டி ரெண்டாம் கியர்ல கொஞ்சம் சத்தம் போடும்."

"சத்தமா? அது கிடக்கட்டும். உங்க வண்டி நீளம் எவ்வளவு? பீரோ ஆறரை அடி. படுக்க வச்சா பின்கதவு மூடுமா? அந்தக் கவலைதான் எங்களுக்கு."

மூத்தவர் திரும்பி வண்டியின் பின்புறத்தைப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அதை அளந்து பார்த்ததில்லை; கண்ணளவில் ஆறடிகூடத் தேறாது.

"மூடாது. திறந்து வச்சு கயிறு கட்டிக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டு, "மச்சான், உங்கிட்ட நல்ல கயிறு இருக்கா?" என்று கேட்டார்.