மெர்வ் திருகிய பிரேக் ஹோஸ்கள்

கிளெனிஸ் தங்கை வீட்டிலிருந்து திரும்பிய அன்று, சமையலறை மேசைமேல் பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்களான பிரேக் ஹோஸ்கள் மூன்று வரிசையாகக் கிடந்தன. எஃகுக் கம்பி பின்னியவை. முனைகளில் நீலமும் சிவப்புமாகப் பளபளக்கும் இணைப்புகள். மூட்டுவலிக்காரனான அவள் புருஷன் மெர்வ், மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையாலேயே திருகிப் பூட்டியிருந்தான்.

"உன் பிறந்தநாளுக்கு," என்றான்.

ஆஸ்திரேலியாவின் பல்லரட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் கிளெனிஸ். ஆறு வருடமாகக் கராஜில் தானே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தாள். கூரையில்லாத, இரண்டே இருக்கை கொண்ட கார். விதிகள் அவளுக்கு மனப்பாடம். கையால் திருகும் முனை பந்தயத் தடத்துக்குச் சரி, ரோட்டுக்கு ஆகாது. ரோட்டில் ஓட வேண்டுமானால் முனையை இயந்திரத்தில் நசுக்கிப் பொருத்தி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, அடையாளச் சீட்டும் ஒட்டியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தவள், அவனுடைய வீங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குடா," என்று மட்டும் சொன்னாள்.

காரில் மாட்டியும் விட்டாள். மெர்வ் தினமும் கராஜுக்கு வந்து அவற்றைத் துணியால் துடைத்துவிட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து, காரை ரோட்டில் ஓட்டச் சான்று தரும் இன்ஜினியரின் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று. "பாஸானதும் பக்கத்து சீட்டு எனக்குத்தான்," என்றான் மெர்வ். அந்தச் சீட்டில் அவன் உட்கார்ந்திருக்க, மலைச்சரிவில் தான் பிரேக்கை மிதிப்பதை நினைத்தாள். அன்று மதியமே ஸ்பானரை எடுத்து ஹோஸ்களைக் கழற்றினாள்.

தேநீரோடு வந்த மெர்வ் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"நான் தினம் வந்து துடைச்சப்பவும் சும்மாதான் பாத்துக்கிட்டு இருந்தியா?"

"மனசு வரலடா."

"தப்பா செஞ்சா தப்புன்னு சொல்லு, கிழவி. நாப்பது வருஷமா வேற எதுக்கும் உன் வாய் சும்மா இருந்ததில்லையே."

கோழிகளுக்குத் தீனி போடப் போனவன், இருட்டும்வரை உள்ளே வரவில்லை. கிளெனிஸ் அவன் தட்டை மூடி வைத்தாள்.

காலையில் பார்த்தால், கழற்றிய ஹோஸ்களை மடியில் வைத்துக்கொண்டு பிக்கப் வண்டியில் அவளுக்கு முன்பே உட்கார்ந்திருந்தான். "புதுசு செய்யணும்னா ஹோஸ் கடைக்காரிக்கு அளவு காட்ட வேண்டாமா? ஏறு."

ஹோஸ் கடை டிமித்ரா மூன்றையும் நீட்டி அளந்தாள். "ஸ்டியரிங்க முழுசா திருப்பி வெச்சு அளந்தீங்களா?"

"ரெண்டு பக்கமும். சக்கரத்த தொங்கவிட்டும் பாத்தேன்," என்றான் மெர்வ்.

"அதான் கச்சிதமா இருக்கு. பாதிப் பேரு குட்டையா வெட்டிக் கொண்டாந்துடுறாங்க. சக்கரத்துப் பக்கம் வளையம் வெச்ச முனைதானே?"

மெர்வ் தலையாட்டினான். கிளெனிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். டிமித்ரா அதே அளவில் புது ஹோஸ்களை வெட்டி, முனைகளை இயந்திரத்தில் நசுக்கிப் பொருத்தி, அழுத்தம் ஏற்றிச் சோதித்து, சீட்டு ஒட்டிக் கொடுத்தாள். முனைகள் சாதாரணச் சாம்பல் நிறம்.

"பாக்கச் சகிக்கல," என்றான் மெர்வ்.

"உன்ன மாதிரிதான்."

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் காருக்கடியில் படுத்து டார்ச் அடித்துச் சீட்டுகளைப் படித்தார். சக்கரங்களை இரு பக்கமும் திருப்பச் சொன்னார். எழுந்து, கையெழுத்துப் போட்டார்.

அன்றே கிரெஸ்விக் ஊர்ப் பக்கம் கிளம்பினார்கள். இறக்கத்தில் ஒரு கங்காரு ரோட்டுக்கு வந்து நின்றது. கிளெனிஸ் மிதித்தாள், கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. கங்காரு அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டிப் போயிற்று.

"நல்லா புடிக்குது," என்றான் மெர்வ், குளிரில் மூக்கைத் துடைத்தபடி. "இன்னும் கொஞ்ச தூரம் போலாம்."