ஜெயமணியின் இடது கை

காலையில் கண் விழித்ததும் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஜெயமணியின் வழக்கம். இந்த மூன்று மாதமாக அதற்கும் முன்னால் அவள் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டைத் தேடிப் போகின்றன. அங்கே தோலுக்கடியில், வைப்ரேட்டில் போட்ட செல்போன் மாதிரி, கிர்ரென்று ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் பாயிலிருந்து எழுந்திருப்பாள்.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன. இன்னும் ஒரு வருஷத்துக்குள் டயாலிசிஸ் மெஷின் வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே கையைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹரிணி சொல்லிவிட்டார். இதயத்திலிருந்து ரத்தம் வேகமாக வரும் குழாயை, அது மெல்லத் திரும்பிப் போகும் குழாயோடு மணிக்கட்டில் சேர்த்துத் தைத்தார்கள். அந்த வேகத்தில் மெல்லிய குழாய் பருத்து, நாளைக்கு ஊசி தாங்கும் அளவுக்குத் தடிமனாகுமாம்.

"இந்தக் கையில வெயிட் தூக்கக் கூடாது, பிபி பாக்க விடக் கூடாது, வளையல் வாட்ச் எதுவும் இறுக்கமாப் போடக் கூடாது. அதிர்வு நின்னுபோச்சுன்னா அந்த நிமிஷமே வந்துடணும்" என்றார் டாக்டர்.

ஜெயமணி வளையலைக் கழற்றினாள். குடத்தை வலது இடுப்புக்கு மாற்றினாள். ஆனால் வேலை செய்யும் இடத்தில் மட்டும் மூச்சு விடவில்லை.

பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில் அவளுக்கு எட்டு வருஷ வேலை. போன வருஷம் பக்கத்து டேபிள் பெண் ஒருத்தி கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னாள். "உடம்பைப் பாத்துக்கம்மா" என்று ஆபீசில் அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. அன்பாக அனுப்புகிறவர்களோடு சண்டை போடவா முடியும்? அதனால் ஜெயமணி, தன் அக்கா வீட்டில் விசேஷம் என்று லீவு போட்டு ஆபரேஷன் செய்துகொண்டாள். முழுக்கைச் சட்டை தழும்பை மறைத்தது.

அந்த ஷெட்டில் பூக்கட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம். காலையில் வந்ததும் ஐம்பது அறுபது ரப்பர் பேண்டுகளை அள்ளி இடது முன்கையில் மாட்டிக்கொள்வார்கள். இருபது பூவை அடுக்கி, வலது கையால் ஒன்றை உருவிக் காம்பில் சுண்டிவிட்டால் கட்டு முடிந்தது. ஜெயமணி மூன்று மாதமாக வலது கையில் மாட்டிக்கொண்டு இடது கையால் உருவினாள். வேகம் பாதியாகக் குறைந்தது.

பிப்ரவரி பிறந்து, காதலர் தின ஆர்டர்கள் மலைபோல் குவிந்தன. சூப்பர்வைசர் மாதேஸ்வரன் அவள் டேபிளருகே நின்றான்.

"என்ன ஜெயமணி, சீசன் நேரத்துல கைக்கு லீவு குடுத்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு ரப்பர் பேண்டுகளை இடது கையிலேயே மாட்டிக்கொண்டாள். தோலின் மேலா போடுகிறோம், தடித்த சட்டையின் மேல்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கை பழைய வேகத்தில் பறந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

பதினொரு மணி டீக்கு ரப்பர் பேண்டுகளைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையைத் தூக்கித் தொட்டாள். அதிர்வு இல்லை. விரலை மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள், அழுத்திப் பார்த்தாள். குழாய் கயிறு மாதிரி கெட்டியாகக் கிடந்தது.

அந்த நிமிஷமே வரணும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் மனசு கணக்குப் போட்டது. ஷிப்ட் நாலு மணிக்கு முடியும். பஸ் பிடித்தால் ஐந்துக்கு ஓசூர். யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம்.

மூலையில் ஒரு பக்கெட் பூ தலை தொங்கிக் கிடந்தது. கூட வேலை செய்யும் முனிலட்சுமி அதைக் கழிவுக்கு இழுத்துப் போக, மாதேஸ்வரன் தடுத்தான்.

"கொட்டாத. காம்புல காத்து ஏறியிருக்குது, தண்ணி மேல போவல. தண்ணிக்குள்ளயே வெச்சு அடிய வெட்டு, எழுந்துக்கும். இப்பவே வெட்டு. சாயங்காலம்னா குப்பைதான்."

ஜெயமணி கேட்டுக்கொண்டு நின்றாள். செடிக்கு இதயம் கிடையாது. இலை மேலிருந்து இழுக்கிற இழுப்பில்தான் தண்ணீர் அத்தனை உயரம் ஏறுகிறது. நடுவில் பொட்டுக் காற்று புகுந்தால் போதும், இழை அறுந்துவிடும். தனக்கோ ராப்பகலாகத் தள்ளிவிட ஓர் இதயம் இருக்கிறது. இருந்தும் என்ன, வழியைத் தன் கையாலேயே கட்டிப்போட்டாயிற்று. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

நேராக மாதேஸ்வரனிடம் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினாள். தழும்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே, இந்த வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

அவன் ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. "நின்னு எவ்ளோ நேரமாச்சு?" என்றான்.

"காலைல அஞ்சரைக்கு இருந்துச்சுண்ணா."

பெங்களூரு ஏர்போர்ட்டுக்குப் பூ ஏற்றிய வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. மாதேஸ்வரன் டிரைவரிடம் கத்தினான்: "வண்டிய ஓசூருக்கு விடுறா!"

"அண்ணா, பூவு?"

"பூவு கூலிங்ல தாங்கும். நீ ஏறு ஜெயமணி."

ஆஸ்பத்திரியில் மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு அடைப்பை எடுத்தார்கள். இரண்டு மணி நேரமானது. "ரத்தக்கட்டி இன்னும் இளசா இருந்துச்சு, அதான் வந்துடுச்சு. தள்ளிப்போட்டிருந்தா இந்த வழியே போயிருக்கும்" என்றார் டாக்டர் ஹரிணி. திட்டவும் செய்தார்.

வெளியே வராந்தாவில் மாதேஸ்வரன் நின்றிருந்தான். அவள் கணவன் மூர்த்தி கம்பெனியிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னான். ஜெயமணி தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"இனிமே வேலைக்கு வரட்டுமாண்ணா, வேணாமா?"

"ரெண்டு நாள் கழிச்சு வா. கட்டு போடற டேபிள் வேணாம், காம்பு அளக்கற டேபிளுக்கு வந்துடு. வந்து எல்லாருக்கும் இந்தக் கையத் தொட்டுக் காட்டு. நீ மறந்தாலும் யாராச்சும் ஒருத்தி தொட்டுப் பாக்கணும்ல?"

மூன்று மாதமாக அந்தக் கையை அவளையும் டாக்டரையும் தவிர யாரும் தொட்டதில்லை. மூர்த்திக்குக்கூடப் பயம். ஜெயமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே கையை நீட்டினாள்.

"மொதல்ல நீங்க பாருங்கண்ணா."

மாதேஸ்வரன் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலை மணிக்கட்டில் சுற்றிய கட்டுக்குச் சற்று மேலே மெல்ல வைத்தான்.

"ஓடுதும்மா" என்றான்.