மணிக்கு ஒரு கிலோமீட்டர்

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், கணக்கு வாத்தியார் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் ஒரு முக்கோணம் வரைந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய காரைச் சலவைக் கம்பெனி வேன் ஒன்று ரிவர்ஸில் வந்து பக்கவாட்டில் இடித்தது. அலுவலகக் கிளார்க் வந்து சொன்னதும் அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

டிரைவர் பக்கக் கதவு உள்ளே அமுங்கியிருந்தது. அதைவிட, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கைப்பிடி கோணிக்கொண்டு நின்றது. முன்னால் தள்ளினால் பிரேக், கீழே இழுத்தால் ஆக்சிலரேட்டர். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாத மனிதருக்கு அந்தக் கைப்பிடிதான் கால். ஒரு விபத்துக்குப் பிறகு நாலு வருஷம் பிறர் தயவில் போய் வந்துகொண்டிருந்தவர், முப்பத்தி நாலாம் வயதில் அதைப் பொருத்தி, மறுபடி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

வேன் டிரைவர் ஓடிப்போகவில்லை. பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ரிவர்ஸ் எடுக்கும்போது கவனிக்கவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று அவராகவே சொன்னார். போன் நம்பரும் பாலிசி நம்பரும் எழுதிக் கொடுத்தார். இடித்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி என்ன சிக்கல் வரப்போகிறது என்று வாத்தியார் நினைத்தார். அன்று சாயங்காலம்வரைதான் அந்த நினைப்பு நீடித்தது.

இழப்பீட்டு விண்ணப்பத்தை வேனின் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில்தான் அனுப்ப வேண்டுமாம். பெயர், முகவரி, பதிவு எண் எல்லாம் ஒழுங்காகப் போயின. பன்னிரண்டாவது கட்டத்தில், மோதலின்போது உங்கள் வாகனத்தின் வேகம் என்ன என்று கேட்டிருந்தது. பூஜ்யம் என்று போட்டார். சிவப்பு எழுத்தில், சரியான எண்ணை உள்ளிடவும் என்று வந்தது. காலியாக விட்டார். அப்போதும் சிவப்பு. இருபது வருஷமாகப் பூஜ்யமும் ஓர் எண்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் அந்தத் திரையை முறைத்துப் பார்த்தார்.

போன் செய்தார். முக்கால் மணி நேரம் ஒரே இசையைக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். பணிவான குரல். ஒன்று என்று போடுங்கள் சார், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றாள். நின்ற வண்டிக்கு எப்படி ஒன்று போடுவது என்று அவர் வாதாடினார். அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒண்ணுதானே. போட்டுத் தொலைங்க."

போட்டுத் தொலைத்தார். விண்ணப்பம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல உள்ளே போனது.

அடுத்த நாளிலிருந்து வாடகைக் கார். முதல் டிரைவர் நாற்காலியைப் பார்த்ததும் டிக்கியில் இடமில்லை என்று போய்விட்டார். இரண்டாமவர் மடிக்கத் தெரியாமல் மடித்துக் கால்தாங்கியை வளைத்தார். மூன்றாமவர் நல்ல மனிதர், ஆனால் எதிர்த்திசையில் நாற்பது நிமிஷ தூரத்தில் இருந்தார். வாத்தியார் போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். அவருடைய வகுப்பை விளையாட்டு வாத்தியார் பார்த்துக்கொண்டார், அதாவது பிள்ளைகளை மைதானத்தில் விட்டுவிட்டார். தலைமை ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. யாராவது கொண்டுவந்து விடக்கூடாதா என்று மட்டும் பரிவோடு கேட்டார். அந்தப் பரிவுதான் அவரை எரித்தது.

பதினோராம் நாள் கடிதம் வந்தது. தங்கள் வாகனம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்ததாகத் தாங்களே தெரிவித்துள்ளதால், விபத்தில் பாதிப் பொறுப்பு தங்களைச் சேர்ந்தது. மேலும், கைப்பிடி கூடுதல் அலங்காரப் பொருள் என்பதால் அதற்கு இழப்பீடு இல்லை.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மனைவியிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு, நான்தான் போடச் சொன்னேன் என்று மெதுவாகச் சொன்னாள். அவருக்கும் அது ஞாபகம் இருந்தது. போனை எடுத்தார்.

ஏழு முறை பேசினார், ஏழு பேரிடம். ஒவ்வொருவரிடமும் செவ்வாய்க்கிழமையிலிருந்து, மூன்றாவது பீரியடிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஆறாவது ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் எழுப்பினான்.

"வேன் வர்றதப் பாத்ததும் பிரேக் போட்டீங்களா சார்?"

"நான் வகுப்புல இருந்தேன் தம்பி."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுனா?"

வாத்தியார் போனை மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். சுவரோடு பேசியிருந்தாலாவது குறுக்குக் கேள்வி வந்திருக்காது.

அடுத்த திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரிலேயே கிளம்பினார். மனைவியும் மருத்துவமனையில் சொல்லிவிட்டுக் கூட வந்தாள். வழியில் வேன் டிரைவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மறுமுனை கொஞ்சம் தயங்கியது. இடித்தது பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம். பிறகு, சாப்பாட்டு நேரத்தில் வருகிறேன் என்றார்.

இழப்பீட்டு அதிகாரியின் அறை முதல் மாடியில். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒட்டியிருந்தார்கள். காகிதத்தின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. அதிகாரி கீழே வருவதில்லை என்றாள் வரவேற்பில் இருந்த பெண். இவரும் மேலே போவதில்லை, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றாள் மனைவி. ஒன்றே கால் மணி நேரம் கழித்து அதிகாரி இறங்கி வந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. கெட்ட மனிதராகத் தெரியவில்லை, தூங்கி நாளான மனிதராகத் தெரிந்தார். அதற்குள் வேன் டிரைவரும் சீருடையோடு வந்து ஓரமாக நின்றிருந்தார்.

வாத்தியார் எட்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார்.

"அந்தக் கட்டம் பூஜ்யத்த வாங்காதுன்னு எங்களுக்கும் தெரியும் சார். எழுதிக் குடுத்திருக்கோம். எல்லாரும் ஒண்ணுதான் போடுறாங்க."

"அப்ப எல்லாருக்கும் பாதிதான் குடுக்குறீங்களா?"

அதிகாரி கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். ஓரமாக நின்ற வேன் டிரைவர் முன்னால் வந்தார்.

"சார், இடிச்சதும் நான் இறங்கி ஓடிப் போய் உள்ள எட்டிப் பாத்தேன். யாருக்கும் அடிபட்டிருக்கக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டே போனேன். உள்ள யாரும் இல்ல. வண்டி நின்னுட்டுதான் இருந்துச்சு. இத எந்தக் கட்டத்துல எழுதணும்னு சொல்லுங்க, எழுதறேன்."

அதிகாரி வரவேற்பு மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவிக் கொடுத்தார். வேன் டிரைவர் குனிந்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாத்தியார் அவர் முதலாளியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். டிரைவர், அத நான் பாத்துக்கறேன் சார் என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அடுத்தது கைப்பிடி. கால் இயங்காது என்பதற்கான மருத்துவச் சான்றிதழை வாத்தியார் மூன்று முறை அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் போன வருஷத்துத் தேதி, ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மனைவி நாற்காலியின் பிடியை இறுக்கினாள்.

"போன வருஷம் வேலை செய்யாத கால் இந்த வருஷம் வேலை செய்யுமா சார்? செஞ்சா நாங்க ஏன் இங்க வர்றோம்? மாடிக்கு ஓடியே வந்திருப்பாரே."

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அதிகாரி வாத்தியாரின் கால்களைப் பார்த்தார். பிறகு, பார்த்ததற்கு வெட்கப்பட்டவர்போலத் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்து, விண்ணப்பதாரரை நேரில் பார்த்தேன், கைப்பிடி இன்றியமையாதது என்று ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார்.

அதற்கும் பத்தொன்பது நாள் ஆனது. முழுப் பொறுப்பும் வேனுடையது என்று கடிதம் வந்தது. ஒர்க்ஷாப்பிலிருந்து கார் வந்தபோது கைப்பிடியை இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் பொருத்தியிருந்தார்கள். திருப்பி அனுப்பினார். இன்னும் மூன்று நாள். வாத்தியாருக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. வேன் டிரைவருக்குப் போன் செய்து சொன்னபோது, முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் வேலை போகவில்லை என்று அவர் சொன்னார். அதைக் கேட்டதும்தான் வாத்தியாருக்கு நிம்மதி வந்தது.

கார் சரியாக வந்த அன்று அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பல் மருத்துவமனை வாசலில் நிறுத்திக் காத்திருந்தார். மனைவி வெளியே வந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நாலு எட்டு நடந்த பிறகுதான் காரைக் கவனித்தாள். ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். வாடகைக் காருக்குக் கொடுத்ததைக் கேட்க வேறொரு விண்ணப்பம் இருக்கிறதாம் என்று அவர் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கு அதப் பத்திப் பேசாதீங்க."

அவர் கைப்பிடியைக் கீழே இழுத்தார். கார் நகர்ந்தது.