இரண்டு கடிதம், ஒரு கையெழுத்து

தாரகாவுக்குக் கோபம் ஒரே நாளில் வந்ததல்ல. ஏதாவது ஒரு நாட்டின் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தை நான்கு வாரம் பின்தொடர்ந்து குறிப்பெழுத வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் அமெரிக்காவை எடுத்தார்கள். அவள் இலங்கையை எடுத்தாள். அன்று பிடித்தது வயிற்றெரிச்சல்.

தெற்கில் ஒரு பேச்சு, வடக்கில் ஒரு பேச்சு. யாழ்ப்பாணத்துக்கு வந்தவுடன் ஒரு வேட்டி, கோயிலில் காளாஞ்சி மரியாதை. காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் வீதியோரம் நிற்க, வேட்பாளரின் வாகனங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயின. அந்தக் காணொளியை ஏழு தரம் பார்த்தாள். ‘கண்ணாடி ஏற்றப்பட்டது’ என்று மட்டும் குறிப்பில் எழுதினாள். மனதில் வந்த மிச்சத்தை எழுதினால் எந்த விரிவுரையாளரும் மார்க்ஸ் போடமாட்டார்.

தகப்பன் தவம் ஆஸ்திரேலியாவில், நோபல் பார்க் வீட்டில் தேர்தலைப் பற்றி வாயே திறப்பதில்லை. தாயில்லாத எட்டு வயது மகளோடு படகில் வந்த மனிதர். பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் வழக்கு முடியும்வரை மட்டும் தங்கவிடும் பிரிட்ஜிங் விசாதான். அங்கேயும் வாக்கில்லை, இங்கேயும் வாக்கில்லை. அடுத்த மாதம் அவர்களின் அகதி வழக்கு விசாரணைக்கு வருகிறது. தோற்றால் திரும்பிப் போக வேண்டும். விழாக்களில் யாராவது போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். படம் இலங்கையில் யார் கையில் போய்ச் சேருமோ என்ற பயம்.

அப்போதுதான் தமிழ்ச் சங்கத் தலைவர் வரதராஜன் போன் எடுத்தார். முப்பது வருடமாக ஆஸ்திரேலியக் குடியுரிமைக்காரர்.

“பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வேட்பாளரின்ர ஆள் மண்டபத்துக்கு வாறார். இங்கிலிஷ் வரவேற்புரையை நீர்தான் வாசிக்கோணும். எங்கட பிள்ளையள் எவ்வளவு படிச்சிருக்கினம் எண்டு அவைக்குத் தெரியட்டும்.”

உரை சங்கத்தின் கடிதத்தாளில், ஈமெயிலில் வந்தது. ‘நாட்டில் இன்று அச்சமில்லை. எந்தத் தமிழரும் தைரியமாகத் திரும்பி வரலாம்’ என்றிருந்தது. கீழே வால் நீண்ட ஒரு கையெழுத்து. எங்கோ பார்த்த வால்! தகப்பனின் வழக்குக் கோப்பைத் திறந்தாள். ‘இக்குடும்பத்தைத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து’ என்று ஆறு மாதத்துக்கு முன் வரதராஜன் கொடுத்த கடிதம். அதே வால்.

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

“வாசிச்சு விடு பிள்ளை,” என்றார் தவம். “அந்தாளை விட்டால் எங்களுக்காகக் கதைக்க ஆர் இருக்கினம்?”

“நாளைக்கு அரசாங்கப் பக்கம் இதையே எங்கட வழக்கில எடுத்துக் காட்டினால் என்ன செய்வீங்கள், அப்பா?”

அவர் வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்பவும் அழுத்தினார். தாரகாவுக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வேட்பாளரின் ஆள் மாலையோடு முன்வரிசையில் இருந்தார். தவம் வழக்கம்போலப் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். தாரகா அந்த உரையை ஒரு சொல் விடாமல் வாசித்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் பையிலிருந்து மற்றக் கடிதத்தை எடுத்து, தங்கள் பெயர்களை விட்டுவிட்டு, அதையும் வாசித்தாள்.

“ரெண்டிலயும் உங்கட கையெழுத்துத்தான், அங்கிள். எது பொய்?”

வரதராஜன் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். “சின்னப் பிள்ளை, விளங்கேல்லை. அது விசாவுக்கு எழுதினது. இது அரசியல். அது வேற, இது வேற.”

சிலர் சிரிக்கவும் செய்தார்கள். தாரகா இரண்டு தாளையும் சேர்த்து உயர்த்திப் பிடித்தாள்.

பின்னால் கதிரையொன்று நிலத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“அது வேற இல்லை, அண்ணை,” என்றார் தவம். “ரெண்டிலயும் இருக்கிறது என்ர பிள்ளையின்ர உயிர்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. நாலைந்து போன்கள் அவரை நோக்கி உயர்ந்தன. தவம் முகத்தைத் திருப்பவில்லை.