இரஞ்சிதம் விழுகிற விதம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மெல்பேர்னில், கிளேட்டன் பக்கம் ஒரு வாடகை மண்டபத்தில், சிரிப்பை அடக்க நான் வடையை வாய்க்குள் திணித்துக்கொண்ட நொடியில். மேடையில் ஆனந்தராஜா மாஸ்டர் கையை நீட்டினார். எட்டி நின்ற சீடர்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். கை படவே இல்லை. தாய் ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் உள்சக்தியாம். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதியே நரைத்தவன் நான். என் கதாநாயகர்கள்கூட எதிரியைத் தொட்டுத்தான் அடிப்பார்கள்.

சரி, தொடங்குவோம்.

‘இருள். எங்கோ ஒரு காலடிச் சத்தம். மாஸ்டரின் விரல்கள் மெல்ல விறைக்க—’

வேண்டாம். போன வருஷம் வரை பஸ் ஓட்டிய விரல்கள் அவை.

2

கலையை நான் பழிக்கவில்லை. சீனர்கள் வகுத்து வைத்தது நேர்த்தியான காரியம். தோளைத் தளர்த்து. முழங்கையைத் தொங்கவிடு. உடம்பின் கனத்தைப் பாதத்துக்கு இறக்கு. இருவராக நின்று, கையோடு கை ஒட்டித் தள்ளிப் பழகு. எதிராளியின் எண்ணம் உன் தோலில் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்றுப் படி. தள்ளப்பட்டவனுக்குத்தான் தன் கால் எங்கே பொய் சொல்கிறது என்று புரியும்.

நம் மாஸ்டர் தோற்றதே இல்லை. எனவே எதையும் படித்ததும் இல்லை.*

(* ஆரம்பத்தில் ஒரு சீன ஆசிரியரிடம் போனவர்தான். அங்கே தினமும் தள்ளு வாங்கினார். நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து தானே மாஸ்டர் ஆகிவிட்டார்.)

3

மண்டபம் எதற்காகச் சிரிக்காமல் இருந்தது? விசாரிக்க அவர் வீட்டுக்கே போனேன். மாஸ்டர் குளித்துக்கொண்டிருந்தார். குசினியில் அவர் மனைவி இரஞ்சிதம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே உண்மையை உடைத்தார்.

“முதல்ல விழுந்தது நான்தான் அண்ணை. நெஞ்சில அடைப்பு வந்து ஸ்டென்ட் வைச்சாப் பிறகு மனுசன் பேயறைஞ்ச மாதிரித் திரிஞ்சவர். ஒருநாள் கராஜுக்க நிண்டு என்னைத் தள்ளிப் பாத்தார். ஒண்டும் நடக்கேல்ல. அந்த முகத்தைப் பாக்கேலாமல் விழுந்திட்டன். கனநாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு கேட்டவர்.”

“மத்தவங்க?”

“மாஸ்டரின்ர மனுசியே விழேக்க மற்றவை நிக்கிறது மரியாதையோ?”

கேட்டீர்களா? கூட்டங்களில் மரியாதைக்குக் கைதட்டுவோம், மரியாதைக்கு இளிப்போம். கிளேட்டன் தமிழர்கள் அதையும் தாண்டி மரியாதையைத் தரை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

“சரியான நேரத்துல எப்படி விழறீங்க?”

“அவற்ர கை பட்டாப் போதும், தள்ள முந்தியே தெரிஞ்சிடும். முதல்ல குதிக்கால் இறுகும். பிறகுதான் தோள். கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன்.”

தேத்தண்ணி எனக்குப் புரையேறியது. வருஷக்கணக்கில் பழகினாலும் பலருக்கு வாய்க்காத வித்தை அது. அந்தக் கராஜில் தாய் ச்சி படித்தது ஒரே ஒரு ஆள். விழுந்து விழுந்து படித்தவர். அவர் இதோ பிஸ்கட் டின்னைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டுகிறார்.

4

[இங்கே ஒரு கொலை வைக்கலாமா? பழக்கதோஷம்.]

வைக்கத் தேவையில்லை. அதற்கு அன்று மண்டபத்திலேயே நாள் குறித்துவிட்டார்கள். நிகழ்ச்சி முடிகையில் அனுஷன் எழுந்தான். கிரெய்கிபர்னில் குத்துச்சண்டை பழக்குகிறவன்.

“அங்கிள், என்னையும் ஒருக்காத் தள்ளுங்கோ பாப்பம்.”

“இஞ்ச வேண்டாம் தம்பி. சனிக்கிழமை உம்மட ஜிம்முக்கே வாறன். கிளவுஸ் போட்டு நில்லும். என்னைக் குத்தும். நான் தடுக்கவும் மாட்டன்.”

“ஆர் யூ சீரியஸ், அங்கிள்?”

“ஓம்.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு, இருபத்தைந்து வயசுக் கைமுட்டி. எழுந்து நின்று தட்டியது.

(அனுஷனை வில்லன் ஆக்க நினைத்திருந்தேன். அங்கே மரியாதைக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவன்தான். அந்த எண்ணத்தை அடித்துவிட்டேன்.)

5

“உண்மையச் சொல்லிட வேண்டியதுதானே?” என்று குசினியில் இரஞ்சிதத்திடம் கேட்டேன்.

“சொன்னனான். எனக்குப் பொறாமையாம்.” குரல் தாழ்ந்தது. “நாளைக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு. எல்லாருக்கும் முன்னால என்னைத்தான் கை வைச்சுத் தள்ளுவார். நான் விழாமல் நிண்டால் மனுசன் சனிக்கிழமை போகமாட்டார். ஆனா பழையபடி அந்த முகம் வந்திடுமே அண்ணை.”

6

முடிவு அ: இரஞ்சிதம் விழுகிறார். மாஸ்டர் சிரித்த முகத்தோடு சனிக்கிழமை—

முடிவு ஆ: விழவில்லை. ஆள் பிழைக்கிறார். அதன்பிறகு இரண்டாந்தரம் சோறு—

முடிவு இ: உள்சக்தி நிஜமாகவே வேலை செய்து அனுஷன் பறக்கிறான். (இதைக் கேட்பவர்கள் தயவுசெய்து மண்டபத்துக்கே போங்கள்.)

எதையும் நான் எழுதப்போவதில்லை. வெள்ளிக்கிழமை. கராஜ். சீடர்கள் வரிசையாக நிற்கிறார்கள். “வடிவாப் பாருங்கோ” என்கிறார் மாஸ்டர். உள்ளங்கை இரஞ்சிதத்தின் தோளில் பதிகிறது. இரஞ்சிதம் கண்ணை மூடுகிறார். மாஸ்டரின் குதிகால் இறுகுவது அவருக்குத் தெரிகிறது.

விழுவதா, நிற்பதா? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். பின்வரிசை இப்போதே சரியத் தொடங்கிவிட்டது.