உதாரணத்துக்கு என் மனைவி

வாத்தியார் மேஜையை இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இருந்த கதவுக்குக் குறுக்கே. தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. போதாது. மேஜைக் கால் தரையில் கிறீச்சிட, முன்வரிசையில் இருந்த முடிதிருத்துபவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"புயல் ஏதாச்சும் வருதா சார்?"

"புயல்னா முன்கூட்டியே ரேடியோல சொல்லிடுவான்யா. இது உங்க மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. கீழே, எதிர்பார்த்திருந்த கார் வந்து கதவு அறையும் சத்தம் கேட்டுவிட்டது. மேஜையை இன்னொரு தள்ளு தள்ளிவிட்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பேச்சு ஆங்கில வகுப்பு அது. வீட்டின் முன்னறைதான் வகுப்பறை. ஒரு காலத்தில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் கட்டையில் எல்லாம் ஆள் இருந்தார்கள். இப்போது பாதி நாற்காலி காலி. போனவர்கள் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள். "உங்க பாடம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மேடம்..."

மேடம் என்றால் வாத்தியாரின் மனைவி. அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் டீக்யூ. டிராமா குயின் என்பதன் சுருக்கம். வாத்தியாருக்கும் தெரியும். மேடத்துக்கும் தெரியும்.

ஒருநாள் பல்லி என்று அலறி நாற்காலி மேல் ஏறினாள். ஒருநாள் தேநீர்த் தட்டை நடு அறையில் போட்டு உடைத்தாள். புது ஆட்கள் சேர வந்த அன்று தடாலென்று மயங்கி விழுந்தாள். சொம்பில் தண்ணீர் வருவதற்குள் தானாக எழுந்து, "இப்ப பரவாயில்ல" என்று முந்தானையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். வந்தவர்களும் போய்விட்டார்கள்.

காரணம் என்று ஒன்று இருந்தாலாவது பரவாயில்லை. பாடம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பார்த்தால் நடு அறையில் நின்று கத்திக்கொண்டிருப்பாள். எப்போது வந்தாள், எதற்கு ஆரம்பித்தாள், ஒன்றும் புரியாது.

இன்று மட்டும் அது நடக்கக் கூடாது. ஒரு பெரிய நிறுவனத்தின் பயிற்சி அதிகாரி, ஆட்களோடு மாதிரி வகுப்பு பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் மொத்தமும் இங்கேதான். பிடிக்காவிட்டால் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டார். "இன்னிக்கு உன் சத்தம் வந்தா, உங்க அண்ணன் வண்டியிலயே ஏறிப் போயிடு. திரும்பி வர வேணாம்."

அவள் கெஞ்சினாள். "கடைசி நாற்காலியில உட்கார்றேங்க. வாயே திறக்க மாட்டேன்."

"யாரு, நீயா?"

"சரி, கதவுக் கண்ணாடி வழியா பார்த்துட்டாவது இருக்கேன்."

"பாரு. கண்ணு சத்தம் போடாது."

அதோடு விடவில்லை. மச்சானையும் வரவழைத்து மாடிப்படி வாசலில் நிறுத்தியிருந்தார். அவள் பின்பக்கமாகச் சுற்றி வந்தால் பிடிக்க. "என் தங்கச்சியைப் பிடிக்க எனக்கே டியூட்டியா மாப்ள?" என்று தலையில் அடித்துக்கொண்டாலும் வந்துவிட்டார்.

அதிகாரியம்மா உள்ளே வந்தார். குட்டையாக வெட்டிய முடி, அதைவிடக் குட்டையான பேச்சு. நாலு ஊழியர்கள் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

"இலக்கணம் வேணாம் சார். எங்க ஆளுங்க நாள் பூரா போன்ல பேசுறவங்க. ஒரு அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்கன்னு, இதோ இந்தப் பொண்ணு அவங்ககிட்டயே ஒரு வார்த்தை சொல்லிட்டா. என்னம்மா சொன்ன?"

அந்தப் பெண் தலை குனிந்தாள். "அட்டென்ஷன் ஸீக்கர்."

"அதையே எடுங்க. என்ன அர்த்தம், எங்க சொல்லலாம், எங்க சொல்லக் கூடாது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வாத்தியாரிடம் ஆயிரம் வார்த்தைகள் உண்டு. ஆனால் கைதட்டல் வாங்கிக் கொடுக்கும் வார்த்தை இதுதான். முன்வரிசையில் முடிதிருத்துபவர் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மூணு பேரைக் குழப்பிக்கக் கூடாது" என்று மார்க்கரைச் சுழற்றினார் வாத்தியார். "முதல் ஆள், ஷோ ஆஃப். அவன்கிட்ட ஏதோ ஒண்ணு இருக்கு. புது வாட்ச். மணி கேட்காதவன்கிட்டயும் மணி சொல்லுவான். ரெண்டாவது ஆள், டிராமா குயின். நகம் உடைஞ்சதுக்கு நாடே கவிழ்ந்த மாதிரி அழறவங்க. ஆம்பளைங்களையும் சொல்லலாம், நிறைய பேர் இருக்கோம்."

சிரிப்பு. ஊழியர்களும் சிரித்தார்கள். வாத்தியாருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"மூணாவது ஆள்தான் அட்டென்ஷன் ஸீக்கர். வாட்சும் வேணாம், நகமும் உடைய வேணாம். எல்லாரும் என்னைப் பாருங்க, அது போதும். அதுக்காக எதையும் செய்வாங்க. எங்க சொல்லலாம்னா... முகத்துக்கு நேரா சொன்னா சண்டை. பாராட்டா எப்பவும் வராது. முதுகுக்குப் பின்னால சொல்றதுக்குன்னே பொறந்த வார்த்தை."

அதிகாரியம்மா சிரிக்காமல் கேட்டார். "அவங்க ஏன் அப்படிப் பண்றாங்கங்கறதும் அந்த வார்த்தைக்குள்ள வந்துடுதா?"

"வந்துடுதே மேடம். எல்லாரும் பார்க்கணும். வேற காரணம் எதுக்கு?"

"ம்."

அந்த 'ம்' பிடிக்கவில்லை. வாத்தியாரின் கண் கதவுப் பக்கம் போனது. மேல்பாதியில் சின்னக் கண்ணாடி. அதில் ஒட்டியிருந்த இரண்டு கண்கள் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. சீக்கிரம் முடி. சிரிப்போடு முடி.

"உதாரண வாக்கியம் ஒண்ணு எழுதிடுவோம். உதாரணத்துக்கு என் மனைவி..."

வகுப்பே ஆரவாரித்தது. பலகைப் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் 'என் மனைவி ஒரு' வரை எழுதினார். அடுத்த வார்த்தையின் முதல் எழுத்தை—

முழங்கையை யாரோ பிடித்திருந்தார்கள்.

மனைவி. செருப்பில்லாத கால், அவிழ்ந்த கூந்தல், மேல்மூச்சு கீழ்மூச்சு. அறையில் முடிதிருத்துபவர் இல்லை. ஊழியர்கள் இல்லை. நாற்காலிகள் மல்லாந்து கிடந்தன. மேஜை மட்டும் கதவுக்குக் குறுக்கே அப்படியே இருந்தது. பின்பக்கமாகத்தான் சுற்றி வந்திருக்கிறாள். படிக்கட்டில் காலடிகள் தடதடத்தன.

"தீ எங்கய்யா?"

"புகையே காணோமே!"

"யாரு கத்தினது?"

"வேற யாரு, நம்ம டீக்யூதான்."

வாத்தியாருக்கு எல்லாம் விளங்கியது. கையை உதறினார்.

"தீயா? பல்லி போய், மயக்கம் போய், இப்ப தீயா?"

"முதல்ல உட்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க."

"என் வாழ்க்கையையே கொளுத்திட்டு தண்ணி குடிக்கச் சொல்றியா?"

மச்சான் படியேறி வந்தார், மூச்சு வாங்க. காவலுக்கு நின்றவர்தான் முதல் ஆளாக இறங்கி ஓடியிருந்தார். "மாப்ள, எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்..."

"பேச ஒண்ணும் இல்ல மச்சான். கூட்டிட்டுப் போங்க. காலையில சொன்னேன்ல? சொன்னது சொன்னதுதான்."

அவள் வாதாடவில்லை. அழவும் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. ஊர் கூடியிருக்கும்போது கத்துகிறவள், கத்த வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல.

"அண்ணே, அவரு உட்கார்ற வரைக்கும் இரு. அப்புறம் போகலாம்" என்றாள்.

"நான் உட்கார்றது இருக்கட்டும். நீ கிளம்பு!"

"ஒரு நிமிஷம்."

குரல் அறைக்குள்ளிருந்தே வந்தது. அதிகாரியம்மா படி இறங்கியிருக்கவே இல்லை. சுவரோரம், விழுந்த நாற்காலிகளுக்கு நடுவில், கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

வாத்தியார் கைகூப்பினார். "மேடம், மன்னிச்சுடுங்க. இனிமே இவ இங்க இருக்க மாட்டா. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு..."

"சார், இவங்க தீன்னு எத்தனை தடவை கத்தினாங்க?"

"அது... நான் எண்ணலை மேடம்."

"குரலாவது கேட்டுதா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். பதில் இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"நாங்க எழுந்து ஓடினது? நாற்காலி விழுந்தது?"

"மேடம், வேணாம்" என்றாள் மனைவி. "தப்பு என்னுதுதான். நான் கிளம்பிடறேன். விட்டுடுங்க."

"பலகையைப் பாருங்க சார்."

மனைவி சட்டென்று நகர்ந்தாள். ஜன்னல் கட்டையில் இருந்த கண்ணாடிக் குவளையைத் தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டாள். சிதறியது. "ஐயோ, கால்ல குத்திடுச்சே!" என்று அலறிக்கொண்டு உட்கார்ந்தாள். மச்சான் பதறிக் குனிந்தார். படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த தலைகள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின.

"ஆரம்பிச்சுட்டா!" என்று வாத்தியாரும் திரும்பினார்.

அதிகாரியம்மா மட்டும் திரும்பவில்லை. "நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்மா" என்றார் மெதுவாக. "சார், நீங்களும் பார்க்காதீங்க. பலகையைப் பாருங்க."

வாத்தியார் பார்த்தார். 'என் மனைவி ஒரு' வரை அவருடைய முத்து முத்தான கையெழுத்து. அதற்கப்புறம் எழுத்து இல்லை. ஒரு கோடு. குடித்தவன் நடந்த பாதைபோல வளைந்து வளைந்து இறங்கி, பலகையைத் தாண்டி, சுவரில் கொஞ்ச தூரம் போய் நின்றிருந்தது.

"இது யாரு..."

"நீங்கதான் சார். என் தம்பிக்கு இருக்கு, அதனால பார்த்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். கீழ விழுந்து துடிச்சாத்தான் வலிப்புன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. ஆள் நின்னுட்டே இருப்பான், கண்ணு திறந்தே இருக்கும், வாய் எதையோ மெல்லும், கூப்பிட்டா கேட்காது. முடிஞ்சதும் நடந்தது தெரியவும் தெரியாது."

மனைவி தரையில் உட்கார்ந்தபடி முகத்தை மூடிக்கொண்டாள். காலில் ரத்தம் இல்லை.

"தீன்னு சத்தம் வந்ததும் எல்லாரும் ஓடினாங்க. நீங்க மட்டும் அசையலை. ஏன்னா, இவங்க கத்தினதுக்கு அப்புறம் நீங்க உறைஞ்சு நிக்கலை சார். நீங்க நின்னதுக்கு அப்புறம்தான் இவங்க கத்தினாங்க. எல்லாரும் உங்களைப் பார்த்துடக் கூடாதுன்னு."